சோமர் கலந்த செம்மஞ்சள்

நிலாவெளியில் சுவர் பூசுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் நிறம் கலக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று என் சம்பந்தி சோமசேகரம் சொல்லுவார். அந்த ஒருவர் யார் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அந்தக் கொப்பி அவர் வாங்கியதில்லை. சண்டைக்கு முந்திய காலத்தில் கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்குச் சுவர் பூசப் போனவர். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் படம் வரைகிறவளாம். போகும்போது மறந்தாளோ, வேண்டாம் என்று விட்டாளோ, தடித்த மட்டைக் கொப்பி ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உள்ளே படம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள்தான், பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி. மேலே வரிசையாகச் சில நிறங்கள், பக்கத்தில் கீழ்நோக்கிச் சில நிறங்கள். மேலே உள்ளதும் பக்கத்தில் உள்ளதும் சந்திக்கிற கட்டத்தில் இரண்டையும் கலந்தால் வருகிற நிறம். அவள் எழுதியிருந்த இங்கிலீசு சோமருக்கு விளங்கவில்லை. கட்டம் விளங்கியது. கொப்பியில் பாதி வெறுமையாகக் கிடந்ததால், மிச்சத்தைத் தன் கையால் நிரப்புவது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்.

பிறகு சண்டை வந்தது. ஹோட்டல் மூடியது. சுவர் பூச ஆள் கூப்பிடுவதற்கு ஊரில் சுவரே குறைந்துபோனது. சோமர் மட்டும் நாள் தவறாமல் இரண்டு கட்டம் நிரப்பினார். தொண்ணூறில் ஊரே ஓடியபோது அவருடைய மனைவி புஸ்பராணி அரிசியையும் மகளின் சாதகத்தையும் தூக்கினாள். சோமர் கொப்பியைத் தூக்கினார். அகதி முகாமில் பெயின்ற் கிடைக்காது. மஞ்சள் தூளையும் அடுப்புக் கரியையும் செங்கல் பொடியையும் குழைத்துக் கட்டம் போட்டார். கறிக்கு வைத்த மஞ்சள் குறைகிறது என்று முகாமில் ஒரு விசாரணையே நடந்தது.

"வீட்டு உறுதிக் கடுதாசியை விட்டிட்டு வந்த மனிசன், அந்தப் பழங்கொப்பியை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வந்தது. எனக்கு வாய்ச்சது அப்பிடி" என்று புஸ்பராணி இன்றைக்கும் சொல்லுவாள்.

திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் நாலு சுவர் இருந்தது, கூரை இல்லை. நிவாரணத்தில் ஒரு பெரிய நீலத் தறப்பாள் கொடுத்தார்கள். வீட்டுக்கு மேலே இழுத்து, மிஞ்சியதைச் சுவரோடு சாய்த்த பத்திக்கும் இறக்கிக் கட்டினோம். பத்திக்குக் கீழே மீன்பிடி வள்ளம். மாமனும் மாமியும் மகளும் மருமகனும் வள்ளமும் ஒரே தறப்பாளுக்குக் கீழே. மருமகன் என்பது என் மகன் தவநேசன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி வீட்டோடு போனவன். நான் அடுத்த ஒழுங்கையில் இருந்தாலும் பொழுது முழுக்க அங்கேதான் கிடப்பேன்.

அந்த நாட்களில் பெயின்ற் வாங்குவது லேசான வேலையில்லை. அரசாங்கக் கந்தோரில் கடிதம் எடுக்கவேண்டும். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஒருமுறை சோமரின் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டார்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை வரும் என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தது. பச்சை என்றால் சண்டை பிடிக்கிறவர்களின் உடுப்பு நிறம். அன்றிலிருந்து மஞ்சள் தகரமும் நீலத் தகரமும் ஒரே பையில் வரக்கூடாது என்று அந்தச் சாவடியில் ஒரு சட்டம் உண்டானது. பிறகு சோமர் காலை பஸ்ஸில் மஞ்சளோடு வருவார், புஸ்பராணி பின்னேர பஸ்ஸில் நீலத்தோடு வருவாள்.

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து ஒண்டாய்ப் பயணம் போகேல்லை எண்டு கவலைப்பட்டனான்" என்பாள் அவள். "இப்ப அரசாங்கமே வேண்டாமெண்டிட்டுது."

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாரி தொடங்குமுன் ஒரு கட்டளை வந்தது. கடலில் போகிற வள்ளம் எல்லாம் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கவேண்டும். மார்கழி முப்பதுக்குள் கடற்கரையில் ஆமிக்காரரின் கொட்டிலில் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். வாங்காத வள்ளத்துக்கு அந்தப் பருவம் முழுக்கப் பாஸ் இல்லை. வெறும் செம்மஞ்சள் என்றால் ஆளுக்கொரு செம்மஞ்சள் பூசுவார்கள் என்று, மேலிடம் அந்த நிறம் பூசிய ஒரு அட்டையும் அனுப்பியிருந்தது. கொட்டிலில் இருந்த சார்ஜன்ட் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு விரலளவு கொடுத்தார். தவநேசனுக்கு வள்ளத்தைத் தவிர வேறு தொழில் தெரியாது. மருமகள் இராசமலருக்கு அப்போது நிறைமாதம்.

ஊரில் எல்லோரும் கடையில் கிடைத்த செம்மஞ்சள் தகரத்தை உடைத்துப் பூசினார்கள். அட்டைக்குக் கிட்டத்தட்ட வந்தது. மீனவர் சங்கச் செயலாளர் ஸெய்னுதீன் எங்களுக்கும் ஒரு தகரம் எடுத்துவைத்திருந்தார். சிங்களம் நன்றாகத் தெரிந்த மனிதர். சார்ஜன்டுக்கும் ஊருக்கும் நடுவில் நாக்காக இருந்தவர் அவர்தான்.

சோமர் அந்தத் தகரத்தைத் தொடவில்லை.

"கிட்டத்தட்ட எண்டது கலரில்லை, ஸெய்னுதீன். அட்டை எப்பிடியோ அப்பிடியே வரவேணும். மஞ்சளையும் சிவப்பையும் வாங்கி நான் கலக்கிறன்."

"சோமண்ணன், அவன் பாக்கப்போறது வள்ளத்தை. பொண்ணை இல்ல" என்றார் ஸெய்னுதீன்.

"பொண்ணெண்டா ஆரும் பாப்பான். கலர் பாக்கிறதுக்குக் கண் வேணும்."

கார்த்திகையில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. அந்த மழைக்குள்தான் இராசமலருக்குத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. முச்சக்கர வண்டியில் துணியால் பொத்திக் கொண்டுவந்து, வீட்டுக்குள் விட்டார்கள். பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை பிள்ளைக்கு வெயிலும் காற்றும் படக்கூடாது என்பது ஒழுங்கு. வெயில் இருந்தால்தானே படுவதற்கு.

நான் போய்ப் பார்த்தேன். இவ்வளவு நேர்த்தியான பிள்ளையை அதுவரை நான் கண்டதில்லை. பொய் சொல்லவில்லை. மூக்கு எங்கள் பக்கம். காதும் எங்கள் பக்கம். அழுகை மட்டும் சம்பந்தி பக்கம். ஆனால் பார்க்க வந்த சனத்துக்கு மூக்கும் காதும் தெரியவில்லை.

"பிள்ளை கொஞ்சம் கறுப்போ?"

"கறுப்பெண்டில்லை, ஒரு மாதிரி நீலம் பாஞ்ச கறுப்பு."

"கிருஷ்ண பகவானும் அந்த நிறந்தானே" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். இராசமலர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கொழும்பில் இருக்கிற சோமரின் தமக்கை அன்னலட்சுமி கடிதம் போட்டாள். முதல் வரி, பிள்ளை என்ன நிறம். இரண்டாம் வரி, தாயின் சுகம். சோமருக்குக் கோபம் வந்தது. கறுப்பு, வெள்ளை, பொது நிறம் என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு சனம் எப்படி ஒரு பிள்ளையின் நிறத்தைப் பேசுகிறது என்று கேட்டார். இரண்டு நாள் தொட்டிலடியில் கொப்பியோடு குந்தியிருந்தார். மூன்றாம் நாள், பழுப்பு நாலு பங்கு, கறுப்பு ஒன்று, நீலம் அரை என்று கணக்கை முடித்து, ஒரு கட்டம் பூசிப் பிள்ளையின் கன்னத்தடியில் பிடித்தார். அச்சு அசல். அதே கலவையில் ஒரு துண்டுக் கடுதாசி பூசிக் கொழும்புக்கு அனுப்பினார்.

பதிலுக்கு அன்னலட்சுமி ஒரு சிமிழ் குங்குமப்பூ அனுப்பியிருந்தாள். கூடவே, "மனந்தளராதே தம்பி" என்று ஒரு வரி.

அதே கிழமைதான் வள்ளத்துக்கும் கலவை நடந்தது. தறப்பாளுக்குக் கீழே, அட்டைத் துண்டை ஆணியில் குத்தி, மஞ்சளும் சிவப்புமாகக் குழைத்துக் குழைத்துக் கொப்பியில் கட்டம் போட்டார். இருபத்திரண்டாவது கட்டத்தில் அட்டையும் கட்டமும் ஒன்றாய் நின்றது. வெள்ளைக்காரப் பெண்ணின் பக்கத்தில் இருந்த செம்மஞ்சளுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதுவும் ஒன்று. நானும் பார்த்தேன், தவநேசனும் பார்த்தான். மூன்றும் மூன்று சகோதரிகள் மாதிரித்தான் இருந்தன. கொஞ்சம் மண்ணிறமாய்த் தெரிந்தது, மழைக்காலம்தானே என்று நினைத்தோம். வள்ளம் முழுக்க இரண்டு பூச்சுப் பூசினார்.

கிணற்றடியில் அவர் கை கழுவும்போது நான் சொன்னது உண்மை.

"சம்பந்தி, தண்ணி சிவப்பாய்ப் போகுது."

"தண்ணியில எல்லாக் கலரும் பொய் சொல்லும்" என்றார். எனக்கு என்ன தெரியும்? நான் மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவன்.

மார்கழி இருபத்தொன்பதாம் தேதி பிள்ளைக்கு முப்பத்தொன்று. அன்றைக்கென்று மழை விட்டு, ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த வெயிலை வானம் ஒரேயடியாய்க் கொட்டியது. முழுக வார்த்து, புதுச்சட்டை போட்டு, புஸ்பராணி பிள்ளையை முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். நான் கையை நீட்டி வாங்கினேன். வாங்கினவன் அப்படியே நின்றுவிட்டேன். வெயிலில் பிள்ளை அப்போதுதான் வார்த்த பனங்கட்டி மாதிரி இருந்தாள். நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. காதுமடல் வெளிச்சத்தில் சிவந்து தெரிந்தது.

சோமர் கொப்பியோடு ஓடிவந்தார். பிள்ளையின் கட்டத்தைக் கன்னத்தடியில் பிடித்தார். கட்டம் ஓடையடிச் சேறு மாதிரி இருந்தது.

"பிள்ளை மாறிப்போச்சு" என்றார்.

"என்ன கதை கதைக்கிறியள்?" என்றாள் புஸ்பராணி. "பிள்ளை எங்க மாறுறது? உங்கட கொப்பியெல்லோ மாறியிருக்கு. இந்த நீலச் சீலைக்குக் கீழ ஒரு மாதம் படுத்தா நானும்தான் நீலம். எங்க, உங்கட கையை வெளியில நீட்டுங்கோ. உள்ளுக்க வையுங்கோ. இப்ப நீட்டுங்கோ."

சோமர் கையை வெயிலில் நீட்டினார். தறப்பாளுக்குக் கீழே வைத்தார். திரும்ப நீட்டினார். பிறகு செம்மஞ்சள் பக்கத்தைப் புரட்டினார். வெள்ளைக்காரப் பெண்ணின் கட்டம் நல்ல தோடம்பழச் செம்மஞ்சள். அவருடைய இருபத்திரண்டாவது கட்டம் செம்பரத்தம்பூச் சிவப்பு. ஊரில் சூரியன் இருந்த காலத்தில் அவள் கலந்தது அது. தறப்பாளுக்குக் கீழே இவர் கலந்தது இது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பத்திப் பக்கம் திரும்பினோம். தவநேசனும் நானும் வள்ளத்தின் முன்பக்க அணியத்தைப் பிடித்து ஒரு முழம் வெளியே இழுத்தோம். ஒரு முழமும் செம்பரத்தம்பூ.

"உள்ளுக்க தள்ளடா" என்றார் சோமர்.

மறுநாள் கடைசித் தேதி. மஞ்சள் தகரம் முடிந்துவிட்டது. இன்னொன்று வாங்கக் கந்தோர்க் கடிதத்துக்கு மூன்று கிழமை. ஸெய்னுதீன் எங்களுக்கு எடுத்துவைத்த தகரத்தையும் சோமர் மறுத்த அன்றே வேறொருவர் கொண்டுபோய்விட்டார். தவநேசன் முற்றத்தில் குந்திக்கொண்டு பிள்ளையைப் பார்த்தான். பிறகு வள்ளத்தைப் பார்த்தான். மாமனை மட்டும் பார்க்கவில்லை. சோமர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் இருந்தது அதுதான் முதல்தடவை என்று புஸ்பராணி பயந்துபோனாள்.

விடிந்ததும் அவர்தான் கேட்டார்.

"சம்பந்தி, கொட்டிலில அந்த சார்ஜன்ட் எங்க நிண்டு வள்ளம் பாக்கிறவர்?"

"வெளியில வந்துதான். அட்டையைக் கிட்டப் பிடிச்சுப் பாப்பார்."

"அட்டையும் வள்ளமும் ஒரு தறப்பாளுக்குக் கீழ நிண்டா?"

எனக்கு விளங்கியது. புஸ்பராணிக்கு எனக்கு முன்னமே விளங்கிவிட்டது. அவள் வாங்கிலில் ஏறி வீட்டுக் கூரையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அந்தப் பக்கத்தை அவிழுங்கோ. பிள்ளைக்கு நேற்றோட முப்பத்தொண்டு முடிஞ்சுது. வெயில் பட்டா ஒண்டும் செய்யாது."

வள்ளத்தைத் தறப்பாளால் பொத்தி உருளைக் கட்டைகளில் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கொட்டிலடியில் இரண்டு வள்ளம்தான் மிச்சம், எங்களதும் ஸெய்னுதீனுடையதும். அவருடையது கண்ணைப் பறிக்கிற சரியான செம்மஞ்சள்.

"என்ன சோமண்ணன், வள்ளத்துக்கு முக்காடு போட்டிரிக்கிங்க?"

"பெயின்ற் இன்னும் இறுகேல்லை. வெயில் பட்டா வெடிக்கும். சார்ஜன்டுக்குச் சொல்லுங்கோ, நிழலுக்குள்ள வைச்சுத்தான் பாக்கவேணும்."

ஸெய்னுதீன் தறப்பாளின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் வந்திரிக்கி. நீங்க முதல்ல போங்க. நான் இதையெல்லாம் மொழிபெயர்த்துப்போட்டு ஆறுதலா வாறன்."

சார்ஜன்ட் கொட்டிலை விட்டு வெளியே வந்தார். நல்ல வெயில். நிழலில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றது அவருக்கும் பிடித்திருந்தது. சோமரும் நானும் தவநேசனும் ஸெய்னுதீனும் நாலு மூலையைத் தூக்கிப் பிடித்தோம். சார்ஜன்ட் குனிந்து உள்ளே வந்து, சட்டைப்பையில் இருந்த அட்டைத் துண்டை எடுத்து வள்ளத்தின் மேல் வைத்தார். அணியத்தில் வைத்தார், நடுவில் வைத்தார், பின்னுக்கும் வைத்தார். ஊரில் எந்த வள்ளத்திலும் இவ்வளவு பொருத்தம் காணவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். ஸெய்னுதீன் அதைத் தமிழில் சொன்னபோது சோமருக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை வந்தது. நான் முகத்தைக் கண்டேன்.

"ஹரி" என்றார் சார்ஜன்ட், சிங்களத்தில் சரி என்று. பதிவுப் புத்தகத்தை வள்ளத்தின் மேலேயே விரித்தார். வள்ளத்தின் இலக்கம், தேதி, நிறம் கட்டளைப்படி சரி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பாஸையும் கிழித்து நீட்டினார். தவநேசன் ஒரு கையால் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அதை வாங்கினான்.

ஒரு மூலையை ஒரு கையால் பிடித்தால் வாடைக்காற்று விடுமா? ஒரே ஊதில் தறப்பாள் நாலுபேர் கையையும் விட்டு எழும்பிக் கொட்டிலுக்கு மேலால் போனது.

வெயிலில் வள்ளம் பற்றி எரிகிற மாதிரி நின்றது.

"அல்லாவே" என்றார் ஸெய்னுதீன்.

சார்ஜன்ட் வள்ளத்தைப் பார்த்தார். கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்கு இலக்கம் அடித்திருந்தது. ஒரு வரி வெட்டினால் ஏன் வெட்டினாய் என்று மேலிடத்துக்கு எழுதவேண்டும் என்பது எங்களுக்கே தெரியும். என் மகனை இப்போது கூட்டிக்கொண்டு போவார்களோ என்று நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"இது என்ன கலர் எண்டு கேக்கிறார்" என்றார் ஸெய்னுதீன்.

சோமர் ஒரு அடி முன்னுக்கு வந்தார்.

"ஐயா கையெழுத்து வைச்ச கலர் எண்டு சொல்லுங்கோ."

ஸெய்னுதீன் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். புத்தகத்தை மூடினார். கொட்டிலுக்குள் போய்க் கதிரையில் இருந்து வெகுநேரம் யோசித்தார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அட்டைத் துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்து நீளமாக ஏதோ பேசினார்.

ஸெய்னுதீன் மொழிபெயர்க்கும்போது வாய் கோணியது.

"அட்டை வெயில்ல கிடந்து வெளிறிப்போச்சாம். உண்மையான கலர் இதுதானாம். புத்தகத்தில எழுதிட்டாராம். சோமண்ணன் இந்தக் கலர்ல ஒரு புது அட்டை பூசிக் குடுக்கணுமாம்."

"ஓம், குடுக்கலாம்" என்றார் சோமர்.

சார்ஜன்ட் அடுத்த வள்ளத்துக்குப் போனார். ஸெய்னுதீனின் சரியான செம்மஞ்சள் வள்ளத்தைச் சுற்றிவந்து, எங்கள் வள்ளத்தைத் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டினார். கையெழுத்து இல்லை. ஒரு கிழமை தவணை. ஏற்கெனவே கையெழுத்து வாங்கிய மற்ற வள்ளங்களும் அதே கிழமைக்குள் திருத்திப் பூசவேண்டும், பெயின்ற் எடுக்கக் கடிதம் தானே தருவேன் என்றார்.

"என்ட வள்ளம் சரியான கலர், சோமண்ணன்! சரியான கலர்!"

"அதுதான் பிழை" என்றார் சோமர். "கிட்டத்தட்ட எண்டது கலரில்லை எண்டு அப்பவே சொன்னனான்."

தறப்பாளைத் தேடிப் பிடிக்கப் பின்னேரம் ஆனது. வீட்டுக்கு வந்து பார்த்தால், கூரை போய்விட்டதாம் என்று கேள்விப்பட்டுச் சனம் அனுதாபத்துக்கு வந்து நிறைந்திருந்தது. இராசமலர் சுவருக்குள்ளே வானத்துக்குக் கீழே பாயில் இருந்தாள். பிள்ளை மடியில். மாலை வெயில் நேராகப் பிள்ளையின் முகத்தில்.

"இதென்னடி, பிள்ளை நல்ல நிறமெல்லோ! கறுப்பெண்டு ஆர் சொன்னது?" என்று கிருஷ்ண பகவானைக் கூப்பிட்ட அதே பெண்தான் கேட்டாள்.

"குங்குமப்பூ வேலை செய்திருக்கு" என்றாள் இன்னொருத்தி. அந்தச் சிமிழை நாங்கள் திறக்கவே இல்லை.

அந்தக் கிழமை முழுக்க ஊர் வள்ளமெல்லாம் எங்கள் வாசலில் நின்றது. வந்தவர்கள் சோமரைத் திட்டிக்கொண்டே வந்தார்கள், பூசும்வரை நின்று திட்டினார்கள். பங்கு தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் வேறு வழி இல்லை. கொப்பியின் இருபத்திரண்டாவது கட்டத்தைப் பார்க்க முதல் ஆளாய் வந்தவர் ஸெய்னுதீன். தறப்பாளைத் திரும்பக் கட்டவா என்று தவநேசன் கேட்டதற்கு, வீட்டுக்கு மட்டும் கட்டு, பத்திக்கு வேண்டாம் என்றார் சோமர். இப்போது முற்றத்தில் வெயிலில் குந்தியிருந்துதான் கலக்கிறார்.

இதை எழுதும்போது என் பேத்திக்கு நாலு மாதம். அவளுடைய கட்டம் இன்னும் முடியவில்லை. காலை வெயிலுக்கு ஒரு நிறம், குளித்தவுடன் ஒரு நிறம், அழுதால் வேறு. இதுவரை தண்ணீர்க் கலவையில் பதினேழு கட்டம் ஆகிவிட்டது. நேற்றுப் பதினெட்டாவதைக் கன்னத்தடியில் பிடிக்கக் கொப்பியைக் கிட்டக் கொண்டுபோனார். பிள்ளை சிரித்துக்கொண்டே பக்கம் முழுக்கச் சலம் பெய்துவிட்டாள். பதினேழும் ஒன்றோடொன்று கலந்து ஓடியது.

சோமர் ஈரப் பக்கத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"சம்பந்தி, இஞ்ச வாங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார். "இப்பத்தான் கிட்ட வந்திருக்கு."